எண்ணூறு மீட்டரில் ஒரு பாலம்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. பையை மேல போடல, மடியிலேயே இருக்கட்டும். உள்ள டேப்பு இருக்கு. சட்டை அளக்குற டேப்பு இல்ல, நிலம் அளக்குற டேப்பு. முப்பது மீட்டர். நீங்க என்ன, பையில துண்டு எட்டிப் பாக்குது? எங்கயாவது குளிக்கப் போறீங்களா? சரி சரி, அவங்கவங்களுக்கு ஒரு சோலி.

கழுத்துல என்ன அட்டைன்னுதானே பாக்குறீங்க? தாராளமாப் படிங்க. புண்ணியமூர்த்தி, பயிலுநர். அதாவது இன்டர்ன். சிரிக்காதீங்க. எல்லாரும் சிரிச்சாச்சு, என் சம்சாரம் சகுந்தலா சிரிச்சு முடிக்கவே ரெண்டு நாள் ஆச்சு. வர்ற தை வந்தா எனக்கு அறுபத்திமூணு. நம்ம எம்.எல்.ஏ. இளம்பரிதி இருக்காருல்ல, அவரு ஆபீஸ்ல நான் இன்டர்ன்.

எப்படின்னு கேளுங்க. ரிட்டயர் ஆகி வீட்டுல உக்காந்தேன். சகுந்தலா அரிசி களையும்போது கூட, "இந்த வேலை இன்னும் ஏன் நிலுவையில இருக்கு?"ன்னு கேப்பேனாம். அவளே போன்ல ஒரு விளம்பரத்தக் காட்டினா. சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துல மூணு மாசப் பயிற்சி, சட்டசபைக்குக் கேள்வி எழுதணும், மசோதா படிச்சுக் குறிப்பு எடுக்கணும், மக்கள் மனுவைப் பிரிக்கணும். வயசு வரம்புன்னு ஒண்ணு போட மறந்துட்டாங்க. விளம்பரத்துல ஓட்டை இருந்தா மத்தவங்க கண்ணுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். முப்பத்தினாலு வருஷ சர்வீஸ் தம்பி. எந்த டிபார்ட்மென்ட்னு கேக்காதீங்க. ரோடு, பாலம்னு போற டிபார்ட்மென்ட், அது போதும்.

இன்டர்வியூ எடுத்தது ஒரு பொண்ணு. ஆஃப்ரின்னு பேரு, சட்டம் படிச்சிருக்கா, இருபத்தினாலு வயசு. எம்.எல்.ஏ. ஆபீஸ்ல எல்லாம் அவதான். என்னைப் பாத்ததும் எழுந்து நின்னு, "பையனைச் சேக்க வந்தீங்களா அங்கிள்?"ன்னா. நான் உக்காந்து, "விண்ணப்பதாரர் நான்தாம்மா"ன்னேன். தண்ணி குடிச்சா. அப்புறம், "ஏன் அங்கிள் இது உங்களுக்கு?"ன்னா.

"அம்மா, சட்டசபையில எம்.எல்.ஏ. ஒரு கேள்வி கேட்டா அது துறைக்குப் போகும். துறையிலேருந்து மாவட்டத்துக்கு வரும். மாவட்டத்துலேருந்து எங்க ஆபீஸ். எங்க ஆபீஸ்ல அது வந்து விழற மேஜை என் மேஜை. நான் எழுதுற பதில் அப்படியே மேல ஏறி, அமைச்சர் வாயால வரும். முப்பத்தினாலு வருஷம் பதில் எழுதினவனுக்குத்தான் எப்படிக் கேள்வி எழுதினா பதில் தப்பிக்க முடியாதுன்னு தெரியும்"னேன்.

அப்பவே சேத்துக்கிட்டா. கூட இருந்த இன்டர்ன் பசங்க ரெண்டு பேரும் லேப்டாப்ப மூடிட்டு என்னையே பாத்தாங்க.

பதில் எழுதுறது சாதாரண விஷயமா தம்பி? எதுவும் செய்யப்போறதில்ல, ஆனா செய்யமாட்டோம்னு சொல்லக்கூடாது. 'பரிசீலனையில் உள்ளது'ன்னு எழுதலாம், அது சின்னப் பசங்க வேலை. 'நிதி நிலைமைக்கேற்ப ஆவன செய்யப்படும்'னு எழுதலாம், அது கொஞ்சம் தேறினவங்க வேலை. 'தேவை எழவில்லை'ன்னு எழுதினோம்னு வைங்க, ஃபைல் அதோட படுத்துடும். ஆனா காரணம் காட்டணும். எனக்குக் காரணத்துக்குப் பஞ்சமே வந்ததில்ல. எங்க எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர், "புண்ணியமூர்த்தி கை பட்ட ஃபைல் எழுந்து வந்ததே இல்ல"ன்னு என் பிரிவு உபசார விழாவுல மைக்குல சொன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க.

சரி, கதைக்கு வர்றேன். ஆஃப்ரின் என் பங்குக்கு ஒரு கட்டு மனுவைக் குடுத்தா. அதுல ஒண்ணு கீழக்கருவை. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, சின்ன ஊரு. என்ன, ஏதோ சொல்ல வந்தீங்களா? இல்லையா, சரி. அந்த ஊருக்கும் மேலக்கருவைக்கும் நடுவுல ஒரு வடிகால் ஆறு. பள்ளிக்கூடம் மேலக்கருவையில. பிள்ளைங்க புத்தகப் பையத் தலையில வச்சுக்கிட்டு ஆத்துல இறங்கித்தான் போவணும். கோடையில முழங்கால், மழையில இடுப்பு, ஐப்பசி கார்த்திகையில பள்ளிக்கூடமே கிடையாது. ஒரு நடைபாலம் வேணும்னு மனு. தையல்நாயகின்னு ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. அவங்க பொண்ணு ஏழாவதோட நின்னுடுச்சாம், ஆறு தாண்டப் பயந்துக்கிட்டு.

ஆஃப்ரின் பசங்களக் கூட்டிக்கிட்டு ஸ்பாட்டுக்குக் கிளம்பினா. "நீங்களும் வாங்க அங்கிள்"னா. நான் போகல. ஸ்பாட்டுக்குப் போனா மனசு இளகிடும், கேள்வி நீளமாயிடும். ஆபீஸ்ல உக்காந்தே எழுதினேன். ரெண்டே வரி. 'கீழக்கருவை கிராமத்தில் நடைபாலம் அமைக்க அரசு ஆவன செய்யுமா? இல்லையெனில் ஏன்?' அந்த 'ஏன்'தான் தம்பி கொக்கி. அது இல்லேன்னா 'இல்லை'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவான்.

பதில் வந்துச்சு. மத்தியானம் டீ குடிச்சுக்கிட்டு இருக்கோம், ஆஃப்ரின் சத்தமாப் படிக்கிறா. "மேற்படி இடத்திலிருந்து எண்ணூறு மீட்டர் தொலைவில், அரசமரத்துக்கு வடபுறம், மாற்றுப் பாலம் ஒன்று மக்கள் பயன்பாட்டில் உள்ளதால் தேவை எழவில்லை எனக் கனிவுடன் தெரிவிக்கப்படுகிறது."

எனக்கு டீ மூக்குல ஏறிடுச்சு.

ஏன்னு கேளுங்க. ஊரு பேரை மறந்திருந்தேன், ஆனா அது என் வாக்கியம்! 'அரசமரத்துக்கு வடபுறம்'. 'கனிவுடன்'. எந்த டிபார்ட்மென்ட்ல எவன் கனிவா எழுதுறான்? நான் ஒருத்தன்தான். இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதினது, ஒரு எழுத்து மாறல. நடுவுல எத்தனை எம்.எல்.ஏ. கேட்டாங்களோ, ஒவ்வொரு தடவையும் பழைய ஃபைல எடுத்து, அதையே காப்பி அடிச்சு அனுப்பியிருக்கான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு தம்பி. சொல்லக்கூடாது, ஆனா பெருமையா இருந்துச்சு.

அப்ப அந்தப் பொண்ணு சொல்றா, "அங்கிள், நாங்க ரெண்டு பக்கமும் ரெண்டு கிலோமீட்டர் நடந்து பாத்தோம். அங்க பாலமும் இல்ல. மரமும் இல்ல."

எப்படி இருக்கும்? நான் வச்சாத்தானே இருக்கும்.

நடந்தது இதுதான். நான் அதை எழுதின அன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதில் போயாகணும். ஸ்பாட்டுக்குப் போய்ப் பாக்க ஜீப்புல டீசல் இல்ல. மறுநாள் என் பொண்ணுக்குக் காதுகுத்து, ஆறு மணி பஸ்ஸ விட்டா நான் போய்ச் சேர முடியாது. மேலதிகாரிகிட்ட நின்னேன். "எதையாவது போட்டு அனுப்புய்யா"ன்னாரு. ரூல் என்னன்னா, ஒரு கிலோமீட்டர் நடைதூரத்துக்குள்ள வேற பாலம் இருந்தா புதுசு தேவையில்ல. நான் எண்ணூறுன்னு போட்டேன். வெறும் பாலம்னு எழுதினா நம்பமாட்டான், பக்கத்துல ஒரு மரத்த வச்சா நம்புவான். அஞ்சு அம்பதுக்கு பஸ் ஸ்டாண்டுல இருந்தேன்.

நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க? அந்தக் காலத்துல எல்லாரும் செய்யறதுதான். ஜன்னலைக் கொஞ்சம் தெறங்க, புழுங்குது.

இப்ப என் நிலைமையைப் பாருங்க. ஆஃப்ரின் கொதிக்கிறா. "சபைக்குப் பொய்த் தகவல் குடுத்திருக்காங்க, உரிமை மீறல் நோட்டீஸ் குடுக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்துல பழைய ஃபைல வாங்கி, முதல்ல எழுதினது யாருன்னு பாத்துடலாம்"ங்கிறா. யாருன்னு பாக்க ரொம்ப தூரம் போகவேண்டாம், எதிர்ல உக்காந்து டீ குடிக்கிறேன். அன்னிக்கு வீட்டுக்குப் போய் ரூல் புக்கைத் தேடி எடுத்து, பென்ஷன்ல கை வைக்க முடியுமான்னு பாத்தேன். சகுந்தலா, "என்ன தேடுறீங்க?"ன்னா. "பொது அறிவு"ன்னேன்.

ராத்திரி பூரா தூக்கமில்ல. பாலத்தை இல்லேன்னும் சொல்ல முடியாது, இருக்குன்னும் சொல்ல முடியாது. விடியக்காலம் பல்லு தேய்க்கும்போது பட்டுன்னு வந்துச்சு. இருந்துச்சு, இப்ப இல்ல! அவ்வளவுதானே?

நேரா எம்.எல்.ஏ.கிட்ட போனேன். "சார், உரிமை மீறல்னு போனா குழு போடுவாங்க, விசாரிப்பாங்க, இப்ப மூணாவது படிக்கிற பிள்ளை காலேஜுக்குப் போயிடும். பாலம் இல்லவே இல்லன்னு நாம ஏன் சொல்லணும்? அவங்க இருக்குன்னு சொல்றாங்க. நாம ஒத்துக்குவோம். எழுந்து துணைக் கேள்வி ஒண்ணு கேளுங்க: 'அமைச்சர் சொன்ன அந்தப் பாலம் வெள்ளத்தில் சேதமாகி மக்கள் அவதிப்படுவதை அரசு அறியுமா? அதைப் புனரமைக்க முன்வருமா?'"

எம்.எல்.ஏ. இன்ஜினியருக்குப் படிச்சவரு. உடனே புரிஞ்சுடுச்சு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். "சார், நீங்க இத்தனை வருஷம் எங்க இருந்தீங்க?"ன்னாரு. எதிர்ப் பக்கத்துல இருந்தேன்னு சொல்லல.

ஆஃப்ரின் மட்டும் சிரிக்கல. "இல்லாத பாலம் வெள்ளத்துல போச்சுன்னு நாமளும் பொய் சொல்லணுமா?"ன்னா. "பொய் இல்லம்மா, கேள்வி. கேள்வியில பொய் சொல்ல முடியாது"ன்னேன். முகத்தைச் சுளிச்சா, ஆனா அந்த ஊர்ப் பிள்ளைங்க போட்டோ அவ மேஜை மேலயே இருந்துச்சு, அதைப் பாத்துட்டுக் கேள்விய டைப் பண்ண லேப்டாப்ப இழுத்தா.

சபையில நடந்தது டி.வி.யில வந்துச்சு. நம்ம ஆளு எழுந்து கேக்குறாரு. அமைச்சருக்குப் பின்னால இருந்து ஒரு துண்டுச் சீட்டு வருது. படிச்சுட்டு, "அந்தப் பாலம் உடனடியாகப் புனரமைக்கப்படும்"னாரு. எல்லாரும் மேஜையத் தட்டினாங்க. நான் ஆபீஸ்ல லேப்டாப் வச்சிருந்த மேஜையத் தட்டினதுக்கு ஒரு பையன் திட்டினான்.

அப்புறம் நடந்ததுதான் தமாஷ். அதிகாரிங்க அளக்கப் போனாங்க. பாலத்தைக் காணோம். காணோம்னு எழுத முடியுமா? எழுதினா இருபத்தஞ்சு வருஷப் பதிலும் பொய்னு ஆயிடும். ஒருத்தன் எழுதினான், 'பாலம் அடித்தளத்தோடு முற்றிலுமாக அடித்துச் செல்லப்பட்டுள்ளது.' மரம் எங்கன்னு கேட்டதுக்கு, 'புயலில் சாய்ந்தது.' அவன் பேரு என்னன்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கேன், நல்லா வருவான். ஒன்றரை வருஷத்துல பாலம் வந்துடுச்சு தம்பி. கைப்பிடி வச்சு, வெள்ளை மஞ்சள் பெயின்ட் அடிச்சு. பக்கத்துல ஒரு அரசங்கன்றும் நட்டு, சுத்திக் கூண்டு போட்டிருக்கான், ரெக்கார்டுல இருக்கே! கல்வெட்டுல 'புனரமைக்கப்பட்ட பாலம்'னு செதுக்கியிருக்கு. என் பேரு எங்கயும் இல்ல, அதை விடுங்க.

அதை விடுங்கன்னு சொல்றேனே தவிர, என்னால விட முடியல. மூணு மாசத்துல முடிஞ்ச பசங்களுக்கெல்லாம் ஆஃப்ரின் சர்டிஃபிகேட் குடுத்துட்டா. எனக்கு ரெண்டு வருஷமாக் குடுக்கல! நானும் அட்டையத் திருப்பிக் குடுக்காம போய்க்கிட்டே இருக்கேன். கேட்டா, "உங்க வேலை ஒண்ணு பாக்கி இருக்கு அங்கிள்"ங்கிறா. ஒரு பாலத்தையே கொண்டாந்தவனுக்கு என்ன பாக்கி?

போன மாசம் கூப்பிட்டு ஒரு வீடியோ காட்டினா. அதே ஆறு. அதே இடம். பிள்ளைங்க அதே மாதிரி தலையில பையோட இறங்கிப் போகுது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "பாலம் கட்டிக் குடுத்தும் ஏன் ஆத்துல இறங்குதுங்க? நடந்து போனா கால் தேய்ஞ்சுடுமா?"ன்னேன்.

"அங்கிள், ஊருக்கு நேர் எதிர்க்கரையில பள்ளிக்கூடம். பாலத்துக்குப் போகணும்னா கரையோட எண்ணூறு மீட்டர் அந்தப் பக்கம் நடக்கணும், பாலம் ஏறி, மறுபடியும் எண்ணூறு மீட்டர் திரும்பி நடக்கணும். வழி பூரா கருவேல முள்ளு. பாலத்துல ஆடுதான் படுத்திருக்கு"ன்னா.

புனரமைப்புன்னா ரெக்கார்டுல எந்த இடமோ அங்கதானே கட்ட முடியும்? நான் சொன்ன இடத்துல, மீட்டர் கணக்காக் கட்டியிருக்கான். அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது.

சரின்னு, ஊருக்கு நேரா இன்னொரு பாலம் வேணும்னு புதுசா ஒரு கேள்வி போட்டோம். என் கையால எழுதினேன். கொக்கியோட. பதில் வந்துச்சு. ஆஃப்ரின் இந்தத் தடவை சத்தமாப் படிக்கல, காகிதத்தை என் பக்கம் தள்ளினா. 'எண்ணூறு மீட்டர் தொலைவில், அரசமரத்துக்கு வடபுறம், மாற்றுப் பாலம் ஒன்று மக்கள் பயன்பாட்டில் உள்ளதால் தேவை எழவில்லை எனக் கனிவுடன் தெரிவிக்கப்படுகிறது.'

"இப்ப இது உண்மை அங்கிள்"னா. "இனிமே இதை யாரும் ஒண்ணும் செய்ய முடியாது."

அதோட இன்னொரு ஜெராக்ஸையும் எடுத்து வச்சா. பழைய காகிதம், மூலையில ஒரு கையெழுத்து. கண்ணாடி கொண்டாரலைன்னு சொல்லிட்டேன். நெத்தியில இருந்துச்சு, அவ அதைப் பாத்துக்கிட்டேதான் இருந்தா. மேஜை டிராயரத் திறந்து இந்த டேப்பை எடுத்துக் குடுத்து, "ஒரு தடவை ஸ்பாட்டுக்குப் போயிட்டு வாங்க"ன்னா. எவ்வளவு நாளா அவளுக்குத் தெரியும்னு நான் கேக்கல.

அன்னிக்கு வீட்டுல சோறு இறங்கல தம்பி. சகுந்தலா வெண்டைக்காய் வதக்கியிருந்தா, அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நூறுன்னு எழுதியிருக்கலாம். அம்பதுன்னு எழுதியிருக்கலாம். யாரு கேட்டா? அதே பேனா, அதே மை. பொய்தான் சொல்றோம், ஊருக்குப் பக்கத்துல சொல்லியிருக்கலாம்ல? நூறுன்னு எழுதியிருந்தா இன்னிக்கு அந்தப் பிள்ளைங்க நனையாம போயிருக்கும். எண்ணூறுன்னா பாக்க நல்லா இருக்குன்னு எழுதினேன். அது என்னைப் போட்டு அறுக்குது.

ஆனா விடமாட்டேன். ரூல் என்ன? ஒரு கிலோமீட்டர் நடைதூரம். நடைதூரம்னா காக்கா பறக்குற தூரம் இல்ல, மனுசன் நடக்குற தூரம். எண்ணூறுன்னு எவன் அளந்தான்? யாரும் அளக்கல, எனக்குத்தான் தெரியுமே! கட்டும்போது நேர்கோட்டுல வச்சிருப்பான். கரை வளைஞ்சு போகுது, முள்ளு இருக்கு, ஒவ்வொரு முள்ளையும் சுத்தித்தான் டேப்பைப் பிடிப்பேன். ஆயிரத்தி ஒண்ணு வந்தாப் போதும், தேவை எழுந்துடும். முப்பத்தினாலு வருஷமும் ரெண்டு வருஷமும் சேத்து, இன்னிக்குத்தான் முதல் தடவையா ஸ்பாட்டுக்குப் போறேன். புதுச் செருப்பு வாங்கினேன், பாருங்க.

கண்டக்டர், மேலக்கருவை வந்துடுச்சா? இறங்கணும், இறங்கணும். வர்றேன் தம்பி. பேசிக்கிட்டே வந்ததுல பொழுது போனதே தெரியல.

என்ன, நீங்களும் எழுந்திரிக்கிறீங்க? நீங்களும் மேலக்கருவையா?

ஆத்துக்கு அந்தப் பக்கமா, கீழக்கருவையா.

ஓ. துண்டு அதுக்குத்தானா.

இவ்வளவு நேரம் ஒரு வார்த்தை சொல்லல நீங்க. நான் பாட்டுக்கு உளறிக்கிட்டு வர்றேன்... தையல்நாயகி அம்மா உங்களுக்கு என்ன வேணும்? அக்காவா. அப்ப அந்தப் பொண்ணு... நின்னுடுச்சே, ஏழாவதோட... சரி. சரி. வேண்டாம், சொல்லவேண்டாம்.

ஊர்ல போய் எல்லாத்தையும் சொல்லுவீங்களா தம்பி? காதுகுத்து, பஸ்ஸு, எல்லாத்தையும்?

சொல்லுங்க. சொல்லத்தான் வேணும். ஆனா ராத்திரிக்குச் சொல்லுங்க. பொழுது சாயறதுக்குள்ள அளந்து முடிக்கணும், தனி ஆளா முடியாது. இந்தாங்க, இந்த முனையைப் பிடிங்க. எந்த இடத்துல பிள்ளைங்க இறங்கும்? காட்டுங்க, அங்கேருந்து ஆரம்பிப்போம்.